ராமானுஜன் வீட்டுக்கு ஐந்து குழந்தைகளோடு போன நாள்

கடந்த டிசம்பரில், கணித மேதை ராமானுஜனின் பிறந்த நாளான தேசிய கணித தினத்துக்கு முந்தைய சனிக்கிழமையன்று, கும்பகோணத்தில் அவர் வாழ்ந்த வீட்டைக் காட்டுவதற்காகத் திருச்சியிலிருந்து ஐந்து குழந்தைகளை அழைத்துக்கொண்டு போனேன். பெரியவர் என்று உடன் வந்தது நான் ஒருத்திதான். அன்று அந்தத் தெருவில் என் ஆறு வயது மகன் இருபத்தைந்து நிமிடம் காணாமல் போனான். அவன் கிடைத்துவிட்டான், நலமாக இருக்கிறான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதுபோன்ற சிறிய நினைவு இல்லங்களுக்குக் குழந்தைகளை அழைத்துப் போகும்போது எவற்றையெல்லாம் யோசிக்க வேண்டும் என்று யாராவது முன்பே எனக்குச் சொல்லியிருந்தால் அந்த இருபத்தைந்து நிமிடங்கள் என் வாழ்க்கையில் வந்திருக்காது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பயணம் முடிவானதே அவசரத்தில்தான். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் ராமானுஜன் பற்றி ஒரு செயல்திட்டம் கொடுத்திருந்தார்கள். வீட்டையே நேரில் பார்த்துவிட்டால் எழுதுவதற்கு எளிதாக இருக்குமே என்று நான்தான் ஆசை காட்டினேன். செய்தி தெரிந்ததும் என் அக்கா தன் இரண்டு மகன்களையும் அனுப்பிவைத்தார். பதின்மூன்று வயதுப் பெரியவன், ஒன்பது வயதுச் சின்னவன். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியும் சேர்ந்துகொண்டாள். கணவர் வெளியூரில் வேலையில் இருப்பதால் வர இயலவில்லை. ஐந்து பேரையும் என்னால் பார்த்துக்கொள்ள முடியும் என்று உண்மையாகவே நம்பினேன். இன்று கேட்டால், பத்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் ஒரு பெரியவரின் இரண்டு கைகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்றுதான் சொல்வேன். பெரிய அருங்காட்சியகத்தில் மதில் உண்டு, வாயிலில் காவலர் உண்டு. தெருவோரத்து ஓட்டு வீட்டில் வாசற்படியைத் தாண்டினால் தெரு.

வேன் பேசியது அடுத்த தவறு. பத்து மணி நேரம், இத்தனை கிலோமீட்டர் என்று கணக்குச் சொல்லி 6,000 ரூபாய்க்குப் பேசினேன். ஏற்பாடு செய்தவர், அவ்வளவு தூரம் போய்விட்டு ஒரே ஒரு வீட்டைப் பார்த்துவிட்டா திரும்புவீர்கள் என்று கேட்டு, சனிக்கிழமை ராகு காலம் ஒன்பது மணி முதல் பத்தரை வரை என்பதால் திருநாகேசுவரத்தில் பாலாபிஷேகம் பார்த்துவிட்டு, அருகிலேயே உள்ள உப்பிலியப்பன் கோயிலையும் முடித்துக்கொண்டு பிறகு கும்பகோணம் போகலாம் என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். திருநாகேசுவரத்து வரிசையில் நின்று வெளியே வருவதற்குள் குழந்தைகளின் பொறுமையில் பாதி போய்விட்டது. உப்பிலியப்பன் கோயிலில் மீதியும் போயிற்று. சாரங்கபாணி சந்நிதித் தெருவின் முனையில் இறங்கியபோது மணி பன்னிரண்டு. ஐந்து பேருக்கும் பசி, இருவருக்குக் கழிப்பறை போக வேண்டும், வழியெல்லாம் குழந்தைகள் விளையாடியதில் என் கைபேசியில் மின்னேற்றம் எட்டு விழுக்காடுதான் மிச்சம். தெரு குறுகல், இங்கே நிறுத்த முடியாது என்று சொல்லிவிட்டு ஓட்டுநர் வண்டியை வேறெங்கோ கொண்டுபோனார்.

இங்கே சற்று நின்று ஒன்றைச் சொல்ல வேண்டும். நினைவு இல்லத்தை ஒரு நாள் பயணத்தின் கடைசியில் வைக்காதீர்கள், முதலில் வையுங்கள். கோயிலில் குழந்தைகள் கண்டு மகிழ எத்தனையோ இருக்கின்றன: யானை, குளம், பிரசாதம், ஓடித் திரியப் பிராகாரம். பழைய வீட்டில் கண்ணுக்குக் கிடைப்பது மிகக் குறைவு. அங்கே இருப்பதெல்லாம் சொல்லிக் கேட்க வேண்டியவை. கேட்பதற்குத் தெளிந்த மனமும் நிறைந்த வயிறும் வேண்டும். கழிப்பறைத் தேவையையும் உணவையும் வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். அந்தக் காலத்துக் குடும்பத்துக்குக் கட்டிய வீட்டில் நூறு பேருக்கான வசதியை எதிர்பார்த்து வரக்கூடாது. நான் அப்படித்தான் எதிர்பார்த்து வந்திருந்தேன்.

வீட்டு வாசலில் எங்களுக்கு முன்பே ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் நின்றிருந்தது. பேருந்தில் வந்த பிள்ளைகள், நாற்பது பேருக்குக் குறையாது. கணித தினத்தை ஒட்டிய வாரத்தில் அந்த வீட்டுக்கு மாணவர்கள் திரண்டு வருவார்கள் என்பது யோசித்திருந்தால் எனக்கே தோன்றியிருக்கும். ஒருவர் பிறந்த நாளை ஒட்டி அவருடைய இல்லத்துக்குப் போவது மனத்துக்கு நிறைவுதான், ஆனால் சிறு குழந்தைகளோடு போக அது ஏற்ற நாள் அன்று. உள்ளே இடம் சிறியது என்பதால் பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பத்துப் பேராகப் போய்வந்தனர். நாங்கள் முக்கால் மணி நேரம் தெருவில் நின்றோம். பக்கத்து வீட்டுப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கியதும், பெரியவனிடம் மற்றவர்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நாலு வீடு தள்ளி ஒரு வீட்டில் கெஞ்சிக் கேட்டு அவளை உள்ளே அழைத்துப் போனேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். திரும்பி வந்தபோது பள்ளிக் கூட்டம் கலைந்திருந்தது. திண்ணை ஓரத்தில் என் மகளும் அக்காவின் மகன்களும் நின்றிருந்தனர். என் மகன் இல்லை.

“இங்கதான் நின்னான் சித்தி” என்று பெரியவன் சொன்னபோது அவன் உதடு நடுங்கியதைப் பார்த்தேன். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் தலையில் அந்தப் பொறுப்பைச் சுமத்தியது என் தவறு. வீட்டுக்குள் ஓடிப் பார்த்தேன். அறையிலும் இல்லை, கூடத்திலும் இல்லை. கொல்லைப்புறத்தில் கிணறு இருக்கிறது என்று கேள்விப்பட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அங்கே ஓடிய அந்தச் சில அடிகளை இப்போது நினைத்தாலும் கை சில்லிட்டுப் போகிறது. அங்கேயும் அவன் இல்லை. வீட்டைப் பார்த்துக்கொள்பவர் பதறி எழுந்து வந்து, மற்றப் பிள்ளைகளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, நீங்கள் போய்த் தேடுங்கள் என்றார். கைபேசி அதற்குள் அணைந்துவிட்டிருந்தது. என் எண்ணும் மகனுக்கு மனப்பாடமாகத் தெரியாது. தெருவின் இரு பக்கமும் ஓடினேன். எல்லாரிடமும் மஞ்சள் சட்டை, மஞ்சள் சட்டை என்று மட்டும்தான் சொல்ல வந்தது. பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்மணிதான், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கோயில் பக்கம் வரிசையாகப் போனார்கள், அதிலே ஒரு மஞ்சள் சட்டையும் போனது என்றார்.

சாரங்கபாணி கோயிலின் பெரிய ராஜகோபுரத்தின் கீழே, செருப்புகள் பார்த்துக்கொள்ளும் அம்மாளின் பக்கத்தில், கையில் பாதி வாழைப்பழத்தோடு உட்கார்ந்திருந்தான். நான் அவனைக் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்து அந்த அம்மாள், “புள்ளயே அழல, நீ ஏம்மா அழுவுற” என்றார். மகன் சொன்னது இதுதான்: “டீச்சர் வரிசையில நிக்கச் சொன்னாங்கம்மா. நான் நின்னேன்.” வாசலில் பள்ளி ஆசிரியை யாரோ வரிசையில் நில்லுங்கள் என்று சொல்லியிருக்கிறார். வகுப்பில் சொல்வதைப் போலவே காதில் விழுந்ததால் இவனும் நின்று, வரிசை நகர்ந்தபோது நடந்திருக்கிறான். கோயில் வாசலில்தான் சீருடை இல்லாத பிள்ளை ஒன்று கூட நிற்பதை அவர்கள் கவனித்து, செருப்புக்கார அம்மாளிடம் உட்கார வைத்துவிட்டு, ஓர் ஆசிரியர் என்னைத் தேடி வேறு பக்கம் போயிருக்கிறார். ஒருவர் மீதும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சொன்ன பேச்சைக் கேட்டதற்காகக் குழந்தையைத் திட்டவும் முடியாது.

அதன் பிறகு நான் செய்யத் தொடங்கிய இரண்டு காரியங்களை இங்கே சொல்லிவிடுகிறேன். வெளியூர் போகும்போது ஒரு சீட்டில் என் பெயரையும் இரண்டு கைபேசி எண்களையும் எழுதி, சின்னவனின் சட்டைப் பையில் வைத்து ஊசி குத்திவிடுகிறேன். கிளம்புவதற்கு முன்னால், “தொலைந்துபோனால் எங்கே நிற்க வேண்டும்” என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டு, அவர்கள் வாயாலேயே பதில் சொல்ல வைக்கிறேன். நான் கூப்பிடாமல் எந்த வரிசையிலும் சேரக்கூடாது என்பதையும் அதில் சேர்த்துக்கொண்டேன். இவற்றோடு, கைபேசியைப் பயணத்தில் குழந்தைகளின் கையில் கொடுப்பதை அடியோடு நிறுத்திவிட்டேன்.

அதற்குப் பிறகும் வீட்டுக்குள் போனோம், இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற எண்ணத்தில். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தெருவைப் பார்த்த சன்னல் ஓரத்தில் ஒரு கட்டில், கூடத்தில் ராமானுஜனின் மார்பளவுச் சிலை, சமையலறையில் பழைய பாத்திரங்கள், பின்னால் கிணறு. அக்காவின் சின்ன மகன் சுற்றிலும் பார்த்துவிட்டு, “இவ்வளவுதானா சித்தி?” என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ராமானுஜன் பெரிய கணித மேதை, இலண்டன் போனார், இளம் வயதிலேயே இறந்துபோனார் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. மகனைத் தேடி ஓடியதைவிட வேறு விதமாக, ஆனால் நீண்ட நாள், என்னை உறுத்தியது இதுதான். மகள் திரும்பும் வழியில் வாயே திறக்கவில்லை. அவள் நோட்டில் ஒரு வரிகூட இல்லை, கட்டிலின் புகைப்படம் ஒன்றுதான் மிச்சம்.

இரவு ஏழு மணிக்கு வீடு வந்து சேர்ந்தபோது வேன் கணக்கு 8,350 ரூபாய் ஆகியிருந்தது. பேசிய வாடகை 6,000, கூடுதலான மூன்று மணி நேரத்துக்கு 900, கூடுதல் கிலோமீட்டருக்கு 950, ஓட்டுநர் பேட்டா 500. பேட்டா வாடகையில் அடங்கியது என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன், யாரும் அப்படிச் சொல்லவில்லை. வண்டி பேசும்போது மணிக்கணக்கு எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, கிலோமீட்டர் மிஞ்சினால் எவ்வளவு, பேட்டாவும் நிறுத்துமிடக் கட்டணமும் யாருடையது என்பதை எழுத்தில், குறைந்தது கைபேசிச் செய்தியிலாவது வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாட்டுச் செலவையும் சேர்த்தால் பத்து நிமிடம் ஒரு வீட்டைப் பார்க்க ஏறக்குறைய 10,000 ரூபாய் செலவழித்திருந்தேன். எங்கள் வீட்டு நிலையில் அது ஒரு மாத மளிகைக் கணக்கு.

பணத்தைவிட, “இவ்வளவுதானா” என்ற கேள்விதான் என்னை விடவில்லை. அடுத்த சில வாரங்களில் ராமானுஜனைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் நூலகத்தில் தேடிப் படித்தேன். அவர் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தவர். தந்தை கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கர். தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பாடுபவர். அந்தச் சின்ன வீட்டிலேயே கல்லூரி மாணவர்களையும் தங்கவைத்துக்கொண்டார்கள். அந்த மாணவர்களுக்குத் தெரிந்த கணக்கையெல்லாம் சிறுவன் ராமானுஜன் கேட்டுக் கேட்டுத் தீர்த்துவிட்டான். தாள் வாங்கக் கட்டுப்படியாகாததால் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டார். தெருவைப் பார்த்த திண்ணையில் உட்கார்ந்து அப்படி எழுதுவார். இவ்வளவும் எனக்கு முன்பே தெரிந்திருந்தால், அந்தக் கட்டிலுக்கும் திண்ணைக்கும் முன்னால் நான் ஊமையாக நின்றிருக்க மாட்டேன்.

படித்தவற்றுள் ஒரு செய்தியைத் தாண்டி என்னால் உடனே போக முடியவில்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த ராமானுஜன், கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனிக்காததால் அந்த உதவித்தொகையை இழந்தார். 1905 ஆகஸ்டில், பதினேழு வயதில், வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். வீட்டார் தேடித் தவித்திருக்கிறார்கள். நான் மகனைத் தேடி உள்ளே ஓடிய அதே வாசற்படியில் கோமளத்தம்மாளும் நின்று தெருவைப் பார்த்திருப்பார். எனக்கு இருபத்தைந்து நிமிடம். அந்தத் தாய்க்கு எத்தனை இரவுகளோ.

பிப்ரவரியில் இரண்டாம் சனிக்கிழமை என் இரண்டு பிள்ளைகளை மட்டும் அழைத்துக்கொண்டு ரயிலில் போனேன். வீடு அன்று திறந்திருக்குமா, எத்தனை மணிக்கு, பள்ளிக் குழுக்கள் ஏதும் வருகின்றனவா என்று முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டேன். சிறிய இல்லங்களின் நேரங்கள் மாறக்கூடியவை, எங்கோ படித்ததை நம்பிக் கிளம்பாமல் அந்த வாரமே விசாரித்துக்கொள்வது நல்லது. நிலையத்திலேயே கழிப்பறை வேலையையும் காலை உணவையும் முடித்துக்கொண்டு ஆட்டோவில் போய், அன்றைய முதல் ஆட்களாக வாசலில் நின்றோம். போக வர எல்லாச் செலவும் 900 ரூபாய்க்குள் அடங்கிவிட்டது.

பையில் ஒரு சிலேட்டும் நாலு பலப்பமும் கொண்டுபோயிருந்தேன். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் எங்களை அடையாளம் கண்டுகொண்டு, திண்ணையில் உட்கார இசைந்தார். உள்ளே போவதற்கு முன் அங்கேயே உட்கார்ந்து மகளிடம் ஒரு மாயச் சதுரம் போடக் கொடுத்தேன். ராமானுஜனின் பிறந்த நாளை மேல்வரிசையாகக் கொண்டது: 22, 12, 18, 87. அடுத்த வரிசை 88, 17, 9, 25. அதற்கடுத்து 10, 24, 89, 16. கடைசி வரிசை 19, 86, 23, 11. எப்படிக் கூட்டினாலும், வரிசையாகவும் நெடுக்காகவும் மூலைக்கு மூலையாகவும், 139 வரும். பாதி எண்களை மட்டும் சொல்லி மீதியைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். சிலேட்டில் இடம் போதாமல் அவள் அழித்து அழித்து எழுதினாள். ஈரத் துணி கொண்டுவந்திருந்தும் வேண்டுமென்றே நான் கொடுக்கவில்லை. சற்று நேரத்தில் அவளாகவே முழங்கையால் அழிக்கத் தொடங்கினாள். கூட்டிப் பார்த்து 139 வந்ததும் கையை மடக்கி, முழங்கையில் படிந்திருந்த வெள்ளைப் பொடியைத் தம்பிக்குக் காட்டி, “அவருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்ல?” என்றாள்.

அதற்குப் பிறகு வீடு தானாகத் திறந்துகொண்டது. கட்டிலைப் பார்த்ததும் மகள், லாட்ஜ் மாதிரி மாணவர்கள் தங்கினார்கள் என்றால் அவர்கள் எங்கே படுத்தார்கள் என்று கேட்டு, கூடத்தில் எத்தனை பாய் விரிக்கலாம் என்று கணக்குப் போட்டாள். சமையலறையில் மகன் பாத்திரங்களை எண்ணினான். சிலை முன்னால், 1913 ஜனவரி 16 அன்று சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன், கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியதையும், அடுத்த ஆண்டு கப்பலேறியதையும், 1918 இல் முப்பது வயதில் இங்கிலாந்தின் அறிவியல் அமைப்பான இராயல் கழகத்தின் உறுப்பினரானதையும் சொன்னேன். இரண்டு கனங்களின் கூட்டலாக இரு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் 1729 என்று ராமானுஜன் ஹார்டியிடம் சொன்ன கதை மகளுக்குத் தெரிந்ததுதான். 12 இன் கனமும் 1 இன் கனமும், 10 இன் கனமும் 9 இன் கனமும் என்று இரு வழியிலும் சிலேட்டில் கூட்டிப் பார்த்தபோதுதான் அவள் முகத்தில் வியப்பு வந்தது. 1920 ஏப்ரல் 26 அன்று, முப்பத்திரண்டு வயதில் அவர் இறந்துபோனதைச் சொன்னபோது மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

இந்த வீட்டை 2003 இல் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வாங்கிப் பராமரித்து வருகிறது, அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதே ஆண்டு டிசம்பரில் இதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். பழைய அமைப்பை மாற்றாமல் வைத்திருப்பதுதான் இதன் சிறப்பு. பொத்தானை அழுத்தினால் ஒளிரும் பலகைகளை இங்கே எதிர்பார்க்கக்கூடாது. குழந்தைகளுக்குத் தொட்டுச் செய்ய ஏதாவது வேண்டும் என்றால் அதை நாம்தான் கையில் கொண்டுபோக வேண்டும். வீட்டுப் பொருட்களைத் தொடக்கூடாது என்று சொல்வதற்கு முன் தொடுவதற்கு ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். எங்களுக்கு அது சிலேட்டு. வேறு இல்லங்களுக்கு வேறு ஏதாவது பொருந்தும்.

காணாமல் போன பையன் கதையைக் கிணற்றடியில் நின்று கடைசியாகச் சொன்னேன். மகன் கேட்ட முதல் கேள்வி, “அவருக்கும் வாழைப்பழம் கொடுத்தாங்களா?” என்பதுதான். தெரியாது, ஆனால் அவர் திரும்பி வந்துவிட்டார் என்றேன். “அவங்க அம்மா திட்டினாங்களா?” என்று கேட்டான். அதுவும் எனக்குத் தெரியாது.

மொத்தம் ஒன்றே கால் மணி நேரம் அங்கே இருந்தோம். அதற்கு மேல் இருத்தியிருந்தால் மகன் சோர்ந்திருப்பான். அவன் படியில் குதிக்கத் தொடங்கியதும் கிளம்பிவிட்டோம். ராமானுஜன் படித்த டவுன் உயர்நிலைப் பள்ளியை ஆட்டோவில் போகிற போக்கில் வெளியிலிருந்து காட்டினேன், அவ்வளவே போதுமாக இருந்தது. அதற்கு முன்னால் கோயில் வாசலுக்கு நடந்தோம். செருப்புக்கார அம்மாள் அதே இடத்தில் இருந்தார். மகன் ரயிலில் தின்னாமல் பத்திரப்படுத்தி வைத்திருந்த இரண்டு வாழைப்பழங்களை அவரிடம் நீட்டினான். அவர் ஒன்றை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, இன்னொன்றை உரித்து அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.